விண்ணப்பதாரர் பெயர்

"மேடம், சார் போன் நம்பர் குடுங்க" என்றார் பொறியாளர்.

வீடு கட்ட அனுமதி கேட்டு இணையத்தில் விண்ணப்பித்துக்கொண்டிருந்தோம். மனை மூன்று சென்ட். கிரயப் பத்திரம், பட்டா இரண்டும் என் பெயரில். கடன் தவணையும் என் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள்.

"அவர் நம்பர் எதுக்குங்க?"

"ஓ.டி.பி. வருங்க மேடம். நீங்க கிளாஸ்ல இருப்பீங்க. சார்னா உடனே சொல்லிருவாரு."

அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

2024 ஜூலை 22 முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறை நடப்பில் இருக்கிறது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டும் பரப்பு 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் மேலே ஒரு மாடியும் என்றால் அலுவலகப் படி ஏற வேண்டியதில்லை. விதிப்படி கட்டுவேன் என்று உரிமையாளரே உறுதி கொடுத்து, ஆவணங்களையும் வரைபடத்தையும் ஏற்றி, கட்டணம் செலுத்தினால் அனுமதி உடனே வந்துவிடும். முன்கூட்டி இடத்தைப் பார்க்க யாரும் வருவதில்லை. கட்டி முடித்த பின் முடிவுச் சான்றும் கேட்பதில்லை. சொன்னது பொய்யென்றால் பொறுப்பு உரிமையாளருடையது.

சுயசான்று என்ற சொல்லைத் திரையில் பார்த்தபோது அம்மா நினைவுக்கு வந்தாள்.

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தொண்ணூறுகளில் சீட்டை எடுத்து இரண்டு சென்ட் இடம் வாங்கினாள். பனியன் கம்பெனிகள் பெருகிய வேகத்தில் ஊரைச் சுற்றியிருந்த காடெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த காலம். அங்கீகாரம் பற்றி யாரும் பேசவில்லை. பத்திரம் அப்பா பெயரில். "ஆம்பள பேர்ல இருந்தாத்தான் கண்ணு மருவாதி" என்பாள். மேஸ்திரி தரையில் போட்ட சுண்ணாம்புக் கோடுதான் வரைபடம். சமையலறை எங்கே, கழிப்பறை எங்கே என்பதை அவரும் அப்பாவும் நின்று பேசி முடித்தார்கள். அம்மா அப்போது ஷிப்டில் இருந்தாள். கழிப்பறை வாசலுக்கு வெளியே, மூலையில் போனது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற அங்கீகாரமற்ற மனைகளுக்குப் பின்னாளில் வரன்முறை வந்தபோது அதற்குப் பணம் கட்டியவளும் அம்மாதான்.

அப்பா போன பிறகு அம்மாவுக்கு முழங்கால் வலி. மாடியில் ஓர் அறையும் வீட்டுக்குள் ஒரு கழிப்பறையும் கட்ட நினைத்தாள். கடன் கேட்டால் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால் பட்டா வேண்டும். பட்டா மாற வாரிசுச் சான்று வேண்டும், பிள்ளைகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அண்ணன் கையெழுத்துப் போட இரண்டு வருடமாயிற்று. அந்த இரண்டு வருடமும் இரவில் டார்ச்சோடு வாசலைத் தாண்டிப் போய்வந்தாள்.

"என் காசுல கட்டுன ஊட்டுக்கு நானே வாரிசாம்" என்று ஒருநாள் சிரித்தாள்.

எவ்வளவு எளிதான அனுமதியானாலும் அது பத்திரத்தில் பெயருள்ளவருக்குத்தான் எளிது. மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமையை இந்த மாநிலம் 1989இலேயே சட்டமாக்கியது. நாடு முழுவதற்கும் அது 2005இல் வந்தது. 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. நல்லதுதான். ஆனால் சலுகைக்காக மனைவி பெயரில் பத்திரம், செல்பேசி எண் கணவருடையது, வரைபடத்தைப் பார்த்தவர் மாமனார் என்றால், அவள் கையெழுத்துக்கு மட்டுமே உரிமையாளர். விதி மீறினால் வரும் நோட்டீஸ் மட்டும் அவள் பெயருக்குத் தவறாமல் வரும்.

"என் நம்பரையே போடுங்க. வரைபடத்தை ஏத்தறதுக்கு முந்தி எனக்கு ஒருதடவை காட்டுங்க" என்றேன்.

காட்டினார். சமையலறையின் ஒரே சன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருந்தது. அதைத் தெருப்பக்கம் மாற்றச் சொன்னேன். மாடியில் இருந்த அம்மாவின் அறையைக் கீழே கொண்டுவந்தோம். அதற்காகக் கூடம் சுருங்கியது. "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்களா?" என்றார் பொறியாளர். "வீட்டுல பேசிட்டேனுங்க" என்றேன். உண்மையில் அன்று இரவுதான் பேசினேன்.

அனுமதி வந்ததும் அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விண்ணப்பதாரர் பெயர் என்ற இடத்தில் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு வரைபடத்தைப் புரட்டினாள்.

"கக்கூசு உள்ளதான கண்ணு?"