நேமத்தான்பட்டியில் ஒரு பங்குனி

"விற்பதென்றால் விற்றுவிட்டுப் போகட்டும், அதில் எனக்கு ஆக்ஷேபணை இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு மாத காலம் அதை வீடாக வைத்துப் பார்த்துவிட வேண்டும். நீங்கள் எல்லோரும் வந்துவிடுங்கள்!"

மாசி மாதக் கடைசியில் என் செட்டிநாட்டு நண்பர் சென்னையில் எங்களை இவ்வாறு அழைத்தார். "எல்லோரும்" என்றால் நாங்கள் நால்வர். ஒருவர் ஓவியர். ஒருவர் சங்கீத ரஸிகர். நல்ல கச்சேரி என்றால் நடந்தே போவார், சுமாரான கச்சேரி என்றாலும் போவார். மூன்றாமவர் வங்கியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய தமிழ் சினிமா என்றால் ஊண் உறக்கம் மறந்துவிடுவார். நான்காவது ஆசாமி அடியேன். எனக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு எந்தக் கலையிலும் விசேஷமான தேர்ச்சி கிடையாது.

காரைக்குடியில் ரெயிலை விட்டு இறங்கி, காரில் நேமத்தான்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது நன்றாக விடிந்திருந்தது. நகரத்தார் ஊர்கள் ஒரு காலத்தில் 96 இருந்தனவாம். இப்போது 75 சொச்சம். அந்தச் சொச்சத்தில் சேர்ந்தது இந்த ஊர். தெருக்கள் நூல் பிடித்தாற்போல் இருந்தன. ஒரு தெருவில் தொடங்கும் வீடு அடுத்த தெருவில்தான் முடிகிறது. முன்வாசலில் நின்று பார்த்தால் கட்டுக்கட்டாக உள்ளே போய்ப் பின்வாசலில் ஒரு சிறு வெளிச்சம் தெரியும். ஆனால் அப்படிப் பார்க்கக் கதவு திறந்திருக்க வேண்டுமே! தெருவில் பெரும்பாலான வீடுகளின் கதவுகளில் பூட்டுத்தான் தொங்கிற்று.

எங்கள் நண்பரின் வீடு திறந்திருந்தது. அவருடைய தமக்கையார் முகப்பில் நின்றுகொண்டிருந்தார். வயது எண்பதுக்கு மேல். நண்பர் "ஆச்சி" என்று கூப்பிட, நாங்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கினோம். "வாங்க தம்பி, வாங்க. காப்பி ஆறிப் போகுது" என்றார். அதற்கு மேல் உபசார வார்த்தைகள் அவசியப்படவில்லை.

முகப்பைத் தாண்டி வளவுக்குள் காலை வைத்ததும் ஓவியர் நின்றுவிட்டார். திறந்த வானம், சுற்றிலும் தாழ்வாரம், அதைத் தாங்கிக்கொண்டு பர்மாத் தேக்குத் தூண்கள் பதினாறு. ஒவ்வொரு தூணும் ஒரே மரத்தில் கடைந்தது. ஆனால் ஓவியர் பார்த்துக்கொண்டு நின்றது தூண்களை அல்ல. ஒவ்வொரு தூணிலும் மார்பளவு உயரத்தில் சீமைச் சுண்ணாம்பால் ஓர் எண் எழுதியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினாறு வரையில்.

"தரகர் வந்து போட்டுவிட்டுப் போனார்" என்றார் நண்பர்.

*

இந்த வீடுகளின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1940 வரையில் இவற்றில் பெரும்பாலானவை எழுந்தன. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி செய்த பணம் இங்கே தேக்காகவும் இத்தாலியப் பளிங்காகவும் பெல்ஜியம் கண்ணாடியாகவும் வந்து சேர்ந்தது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தார்கள். நிலத்தையும் பத்திரத்தையும் விட்டுவிட்டுக் கால்நடையாகவே தாயகம் திரும்பியவர்கள் பலர். அன்றைக்கு நின்றது வருமானம். வீடு நிற்கவில்லை, அதாவது செலவு நிற்கவில்லை. ஒரு மழைக்கு ஓடு மாற்றவே தனியாக ஒரு சம்பாத்தியம் வேண்டும். பிள்ளைகள் சென்னை, பங்களூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம் பெற்றன. பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆனால் அது ஓடு மாற்றித் தராது என்கிறார் நண்பர்.

அவர் வீட்டில் ஒன்பது பங்காளிகள். சித்திரையில் எல்லோரும் கூடி முடிவு செய்வதாக ஏற்பாடு. எழுவர் விற்கலாம் என்கிறார்கள், ஒருவர் மௌனம். மிச்சமிருப்பவர் நம் நண்பர்.

*

முதல் வாரம் முழுவதும் சாப்பாட்டு வாரம் என்றே சொல்லவேண்டும். காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும்; பதினொரு மணிக்குச் சீப்புச் சீடை; மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு; மாலையில் கந்தரப்பம். அரிசி கழுவிய நீரில் புளி கரைத்துச் செய்யும் வெண்டைக்காய் மண்டியை நான் சென்னை ஹோட்டல்களில் "செட்டிநாடு" என்ற பெயரில் ஒருநாளும் கண்டதில்லை. அங்கே செட்டிநாடு என்றால் மிளகாய் என்று அர்த்தம்! ஆச்சியின் சமையலில் காரம் இருந்தது. ஆனால் அது கல்பாசிக்கும் அன்னாசிப்பூவுக்கும் சோம்புக்கும் இடம் விட்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தது. கவுனி அரிசி ஒரு நாள் வந்தது. பர்மாவிலிருந்து வந்த கறுப்பரிசி. முன்னாள் இரவே ஊற வைத்து, வேக வைத்து, சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்த்துக் கிளறியது. பர்மா போய்விட்டது, கவுனி அரிசி தங்கிவிட்டது.

அடுப்படியைச் சுற்றிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கிற்று. பின்கட்டில் வரிசையாக எத்தனையோ அடுப்புகள். நகரத்தார் வழக்கத்தில் பிள்ளைக்குக் கல்யாணமானால் சில காலத்தில் "வேறு வைத்து" விடுவார்கள். அதே வீடு, அதே கூரை. ஆனால் புதுத் தம்பதிக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் சண்டையின்றி இருக்க இதைவிட நல்ல யோசனையை எந்தத் தேசத்து அறிஞரும் சொன்னதாகத் தெரியவில்லை.

"இந்தா, இது எங்க ஆத்தா அடுப்பு. அது பெரியாத்தா அடுப்பு. கார்த்திகை மாசத்திலே சாயந்தரம் எல்லா அடுப்பும் எரிஞ்சா, புகை போய் வளவிலே நிக்கிறவங்க முகம் தெரியாது" என்றார் ஆச்சி. அந்த மாதம் எரிந்தது ஒரே ஓர் அடுப்பு. அதுவும் வாயு அடுப்பு.

*

இரண்டாம் வாரத்தில் ஓவியர் எங்களை ஆத்தங்குடிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்கிறார்கள். சுடுவதே இல்லை. கண்ணாடித் துண்டு ஒன்றைக் கீழே வைத்து, அதன்மேல் சட்டத்தையும் பூ வேலை செய்த தகட்டையும் பொருத்தி, வர்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் ஊற்றுகிறார் தொழிலாளி. தகட்டைத் தூக்கினால் வர்ணங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்றுதானே நீங்களும் நானும் நினைப்போம்? கலப்பதில்லை. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரச் சாந்து பூசி, சில நாள் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். கண்ணாடியைக் கழற்றும்போது அதன் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. அதற்கப்புறம் மெருகு ஏறுவது மனிதர் நடமாட்டத்தினால்தான். ஆள் நடக்காத வீட்டில் இந்தத் தரை மங்கிப் போகும் என்று அந்தத் தொழிலாளி சொன்னபோது, நண்பர் வேறு பக்கம் திரும்பி விலை விசாரிக்கத் தொடங்கினார்.

திரும்பும் வழியில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கும் போனோம். பழம் பொருள் கடைகள் நிறைந்த தெரு அது. எனாமல் பாத்திரங்கள், ரவிவர்மா படங்கள், ஊறுகாய் ஜாடிகள், பல்லாங்குழிகள், கடிகாரங்கள். இவை வரையில் வேடிக்கையாகவே இருந்தது. ஒரு கடையின் பின்புறத்தில் கஜலக்ஷ்மி செதுக்கிய நிலைக்கதவுகள் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. நிலையின் அடிப்பக்கத்தில் பழைய மஞ்சளும் குங்குமமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. நண்பர் சட்டென்று வெளியே வந்துவிட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

*

சினிமா ராத்திரிகளைப் பற்றிச் சொல்லவில்லையே! வங்கிக்காரர் படம் காட்டும் சிறு யந்திரம் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். வளவில் இரண்டு தூண்களுக்கு நடுவே வேட்டியைக் கட்டினோம். முதல் படம் எது என்பதில் சர்ச்சைக்கே இடமில்லை: "நாம் இருவர்."

அந்தப் படம் எடுத்த இடம் காரைக்குடி என்பது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. காரைக்குடியில் பிறந்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் யுத்தம் முடிந்த கையோடு 1946-ல் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகைகள் போட்டு ஏ.வி.எம். ஸ்டூடியோவைத் தொடங்கினார். 1947 ஜனவரியில் "நாம் இருவர்" வெளிவந்தது. சுதந்திரம் வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. ஆனால் படத்தில் பாரதியார் பாட்டுக்குக் குமாரி கமலா ஆடும்போது சுதந்திரம் வந்தே விட்டது! பாடியவர் டி. கே. பட்டம்மாள். இதே படத்தில் கிழவராக வருகிறாரே வி. கே. ராமசாமி, அவருக்கு அப்போது வயது சுமார் இருபது. வங்கிக்காரர் இதைப் படத்தின் நடுவில் மூன்று தடவை சொன்னார். சில ஆண்டுகளில் ஸ்டூடியோ சென்னைக்குக் குடிபெயர்ந்தது.

படத்தின் பாட்டுப் புத்தகத்தின் நகல் ஒன்றும் அவரிடம் இருந்தது. இம்மாதிரி காலணாப் புத்தகங்களையும் நாடக நோட்டீஸ்களையும் குப்பைக்குப் போகாமல் சேர்த்து வைத்தவர் இதே வட்டாரத்துக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். அவர் சேர்த்தது சுமார் ஒரு லக்ஷம். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ சர்வகலாசாலை அதை வாங்கி, கடல் கடத்தாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. அது அவருடைய அதிர்ஷ்டமா, நம்முடைய அதிர்ஷ்டமா என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் நாள் படம் பார்த்தவர்கள் நாங்கள் ஐந்து பேரும் ஆச்சியுந்தான். மறுநாள் பாலூற்றுகிற அம்மாளும் அவள் பேரன்மாரும் வந்தார்கள். மூன்றாம் நாள் தெருவே வந்தது.

*

பங்குனி பிறந்ததும் எங்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாவில் பால்குடங்களின் வரிசை முடிவதாகவே இல்லை. அந்த அம்மனுக்குத் தக்காளிப் பழம் காணிக்கை என்பது விசேஷம். மற்றோர் இரவு பக்கத்துக் கிராமம் ஒன்றில் வள்ளி திருமணம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்திலிருந்து வரும் ஸ்பெஷல் நாடகம். ஒத்திகை என்பதே கிடையாது. வள்ளி ஓர் ஊர், நாரதர் ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். அன்றிரவுதான் மேடையில் சந்திக்கிறார்கள். பத்து மணிக்கு ஆரம்பித்து, நாரதரும் வள்ளியும் பாட்டாலேயே தர்க்கம் செய்து விடியும் வரையில் ஓட்டிவிட்டார்கள். "நம் சபாக்களில் மூன்று மாதம் ஒத்திகை பார்த்தும் தாளம் நழுவுகிறதே!" என்று சங்கீத ரஸிகர் அங்கலாய்த்தார்.

பங்குனி உத்திரத்தன்று எங்கள் கோஷ்டி இரண்டாகப் பிளந்தது. குன்றக்குடியில் முருகனுக்குத் திருவிழா. காரைக்குடியில் கம்பன் திருநாள். தேசபக்தர் சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் கழகம் மகம், பூரம், உத்திரம் ஆகிய நாட்களில் காரைக்குடியிலும், அத்தத்தன்று கம்பன் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையிலும் விழா எடுத்து வருகிறது. நண்பரும் ஓவியரும் முருகனிடம் போனார்கள், மற்றவர்கள் கம்பனிடம். பட்டிமண்டபத்தில் ஒரு பாட்டின் ஒரே சொல்லுக்காக இரண்டு புலவர்கள் முக்கால் மணி நேரம் மல்லுக்கு நின்றார்கள். எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த மளிகைக் கடைக்காரர் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே, யார் கட்சி ஜயிக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்.

அத்தத்தன்று எல்லோரும் சேர்ந்து நாட்டரசன்கோட்டைக்குப் போனோம். சமாதியின் மண்ணைக் குழந்தைகளுக்கு நாவில் வைத்தால் கவி பாடும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. ஆச்சி ஒரு சிட்டிகை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"யாருக்கு ஆச்சி?" என்று கேட்டேன்.

"இந்த வீட்டிலே அடுத்தாப்பிலே பிறக்கிற பிள்ளைக்கு."

*

புறப்படுவதற்கு முன்னாள் இரவு கடைசிப் படம். வளவில் காலை மடக்கி உட்காரவும் இடமில்லை. பெரியவர்களுக்கு ஜமக்காளம்; பிள்ளைகள் தாழ்வாரத்தில் தூணுக்கு மூவர் நால்வராகச் சாய்ந்துகொண்டிருந்தார்கள். பட்டாசாலையில் ஆச்சி ரங்கூன் புட்டைப் பெரிய தாம்பாளத்தில் கொட்டி, வந்தவர்களுக்கெல்லாம் தொன்னையில் வைத்துக் கொடுத்தார். நண்பர், வெகு நாளைக்குப் பிறகு, பின்கட்டில் இரண்டாவது அடுப்பையும் மூட்டச் செய்திருந்தார்.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் ஓவியர் என் தோளைத் தொட்டுக் காட்டினார். வெளியே போய்க்கொண்டிருந்த பையன்களின் சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாய்த் தீற்றல்கள். ஒரு பயல் முதுகில் "7" தலைகீழாக இல்லாவிட்டாலும், இடம் வலம் மாறித் தெளிவாகவே பதிந்திருந்தது. தூண்களைப் போய்ப் பார்த்தோம். பதினாறில் மூன்றில்தான் எண் மிச்சமிருந்தது. முந்தைய ராத்திரிகளிலேயே பாதி போயிருக்க வேண்டும், யாரும் கவனிக்கவில்லை.

"தரகர் மறுபடியும் வந்து எழுத வேண்டியதுதான்" என்றார் நண்பர். அவர் முகத்தில் வருத்தம் இருந்ததாக என்னால் சொல்ல முடியாது.

சித்திரைக் கூட்டம் வைகாசிக்குத் தள்ளிப் போயிருக்கிறது என்று சென்ற வாரம் டெலிபோனில் சொன்னார். மௌனமாக இருந்த பங்காளி, கோடை விடுமுறைக்குக் குழந்தைகளுடன் வந்து தங்கப் போகிறாராம். படம் காட்டும் யந்திரத்தை அனுப்பி வைக்க முடியுமா என்று வங்கிக்காரரைக் கேட்டிருக்கிறார்.