ஐம்பது காசு பாக்கி

2023 டிசம்பர் 13 அன்று சென்னையை அடுத்த பொழிச்சலூர் அஞ்சலகத்துக்கு ஒருவர் பதிவுத் தபால் அனுப்பப் போனார். கட்டணம் 29 ரூபாய் 50 காசு. முப்பது ரூபாயை நீட்டினார். ரசீது வந்தது, மீதி வரவில்லை. சரியான தொகையை யு.பி.ஐ.யில் போட்டுவிடுகிறேன் என்றார். தொழில்நுட்பக் கோளாறு, முடியாது என்றார்கள். சாதாரணமாக இந்த இடத்தில் "போகட்டும், அரை ரூபாய்தானே" என்று ஆள் படியிறங்கிவிடுவார். இவர் காஞ்சிபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனார். காசை முழு ரூபாயாக மாற்றிக்கொள்வது மென்பொருள்தான், ஊழியர் அல்ல என்று அஞ்சல் துறை பதில் சொல்லிப் பார்த்தது. எடுபடவில்லை. 2024 அக்டோபரில் உத்தரவு வந்தது: ஐம்பது காசைத் திருப்பித் தர வேண்டும், இழப்பீடாக 10,000 ரூபாய், வழக்குச் செலவுக்கு 5,000 ரூபாய்.

செய்தி வந்தபோது சிரித்தவர்கள் அதிகம். அஞ்சலகத்தோடு அன்றாடம் பழகுகிற, வேலூர் மாவட்டத்துக் குடியாத்தம் மாதிரி ஊரில் அதைப் படித்தவர்களுக்கு வேறொன்று உறைத்திருக்கும். ஒருத்தர் கேட்டிருக்கிறாரே!

லுங்கியும் தீப்பெட்டியும் பீடியும் செய்து வெளியூருக்கு அனுப்பியே வளர்ந்த ஊர் குடியாத்தம். 1954 இடைத்தேர்தலில் முதலமைச்சர் காமராஜரையே சட்டமன்றத்துக்கு அனுப்பிவைத்தது. இப்படி அனுப்புவதில் கைதேர்ந்த ஊருக்கும் ஒரு கவரை அனுப்புவதற்குள் மூச்சு வாங்குகிறது. எந்த அஞ்சலகம் என்று பெயர் சொல்லத் தேவையில்லை. குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று எங்கே போய்க் கேட்டாலும் மக்கள் ஒப்பிக்கும் வசனங்கள் ஒன்றுதான். "சர்வர் இல்லம்மா, மத்தியானத்துக்கு மேல வாங்க." "பிரிண்டர் ரிப்பேர், பாஸ்புக்குல என்ட்ரி போட முடியாது." "சில்லறையா குடுங்க." "ஆதாருக்கு இன்னிக்கு டோக்கன் முடிஞ்சிபோச்சு." இவற்றில் ஒன்றும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சர்வர் உண்மையிலேயே படுத்திருக்கும். ஆனால் எப்போது எழுந்திருக்கும், அதுவரை வந்தவர் உட்கார எங்கே இடம், மறுபடி வந்தால் வேலை முடியும் என்பதற்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விகளுக்கு அந்த வசனங்களில் இடமே கிடையாது.

இதே அரசாங்கத்தின் வேறு அலுவலகங்களில் மக்கள் சத்தம் போடுகிறார்கள், மறியல்கூடச் செய்கிறார்கள். அஞ்சலகத்தில் மட்டும் ஏன் இவ்வளவு அமைதி?

சத்தம் போடக்கூடியவர்கள் வெளியேறிவிட்டார்கள் என்பதே காரணம். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கம்பெனிகள் ஐரோப்பாவுக்கு சாம்பிள் ஷூ அனுப்பத் தனியார் கூரியரை அழைக்கின்றன. ஆள் கம்பெனி வாசலுக்கே வந்து எடுத்துப்போகிறார். குடியாத்தம் லுங்கி வியாபாரிக்கு லாரி பார்சல் சர்வீஸ் இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்குச் செல்போனே வங்கி. தாமதத்தால் பணம் நஷ்டமாகும் என்று மேசையைத் தட்டக்கூடிய இவர்கள் யாரும் இப்போது வரிசையில் இல்லை. மிஞ்சி நிற்பவர்கள் மகள் பெயரில் செல்வமகள் கணக்குக் கட்டும் தாய்மார்கள், ஓய்வூதியக்காரர்கள், பீடி சுற்றும் பெண்கள். பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அரை நாள் வரிசையில் நின்றால் அந்த அரை நாள் பீடி போச்சு. அதற்கு மேல் சண்டையும் போட்டால் மறுநாள் கூலியும் போகும். அதனால் "சரிங்க சார், நாளைக்கு வர்றேன்" என்று திரும்பிவிடுகிறார்கள். கோபப்பட நேரம் வேண்டும். இவர்களிடம் அது இல்லை.

சட்டமும் கவுண்டர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1898-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் அலுவலகச் சட்டத்தின் ஆறாவது பிரிவு, தபால் தொலைந்தாலோ, தவறிப் போனாலோ, தாமதமானாலோ, சேதமானாலோ அரசுக்குப் பொறுப்பில்லை என்றது; ஊழியர் மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்தால்தான் அவரைப் பிடிக்கலாம். வெள்ளைக்காரன் எழுதியது, விட்டுத்தள்ளுங்கள் என்று சொல்லவும் வழியில்லை. அதற்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றி 2024 ஜூன் 18-இல் நடைமுறைக்கு வந்த 2023-ஆம் ஆண்டு அஞ்சல் அலுவலகச் சட்டமும், விதிகளில் சொல்லப்பட்ட பொறுப்பைத் தவிர வேறு பொறுப்பு கிடையாது என்றே தொடர்கிறது. இந்தச் சுவரை நுகர்வோர் மன்றங்கள் சில வழக்குகளில் தாண்டியிருக்கின்றன. பல வழக்குகளில் முட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. பொழிச்சலூர்க்காரருக்கு ஒரு வகையில் அதிர்ஷ்டம். அவர் இழந்தது காசு. தபாலே தொலைந்திருந்தால் கதை வேறு.

எவ்வளவு வேறு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கட்டிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு அல்லது ஆயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 2025 அக்டோபர் முதல் ஐம்பது கிராம் வரையிலான கவரை வெளியூருக்கு அனுப்ப 47 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. உள்ளே இருந்தது ஒரு பெண்ணின் நர்சிங் சான்றிதழாக இருந்தாலும் கிடைக்கப்போவது நூறு ரூபாய் சொச்சம். அதை வாங்கப் புகார் எழுதி, நினைவூட்டல் எழுதி, பஸ் ஏறி வேலூர் போய்வந்தால் கையை விட்டுத்தான் செலவாகும்.

பழனி வழக்கு இதைவிடப் பெரியது. 1995 மே மாதம் பழனி தண்டாயுதபாணி கோயில் நிர்வாகம் அந்த ஊர் அஞ்சலகத்தில் ஒரு கோடியே நாற்பது லட்சம் ரூபாய்க்கு மேல் ஐந்தாண்டு டைம் டெபாசிட்டில் போட்டது. அஞ்சலகமும் வாங்கிக்கொண்டு பாஸ்புக் தந்தது. டிசம்பரில் ஒரு கடிதம்: நிறுவனங்கள் இந்தத் திட்டத்தில் பணம் போடுவது ஏப்ரல் 1-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது, எனவே வட்டி இல்லாமல் அசல் மட்டும் திரும்பும். 1996 ஜனவரியில் அப்படியே திரும்பியது. திட்டம் நின்றுபோனது பணம் வாங்கிய போஸ்ட்மாஸ்டருக்கே தெரிந்திருக்கவில்லை. கோயில் விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனது. விதிப்படி நடந்ததைச் சேவைக் குறைபாடு என்று சொல்ல முடியாது என்று 2011 ஜூலையில் மனு தள்ளுபடியானது. கோவணத்தோடு நிற்கிற ஆண்டிக்கு வட்டி எதற்கு என்று யாரும் தீர்ப்பில் எழுதவில்லை. ஆனால் எட்டு மாதம் அந்தப் பணத்தை வைத்திருந்த துறை ஒரு பைசா தரவில்லை. ஆண்டவனுக்கே இந்தக் கதி என்றால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பீடி சுற்றுகிறவர் எந்த மூலைக்கு?

ஜன்னலுக்கு உள்ளே இருப்பவரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நாட்டின் ஏறக்குறைய 1,65,000 அஞ்சலகங்களில் பத்தில் ஒன்பது கிராமப்புறத்தில் உள்ளவை. பெரும்பாலான கிளை அஞ்சலகங்களை நடத்துகிறவர் முழுநேர அரசு ஊழியரே அல்ல, கிராமின் டாக் சேவக். 2018 ஊதியத் திருத்தத்தின்படி கிளை போஸ்ட்மாஸ்டருக்கு நான்கு மணி நேர வேலைக்கு அடிப்படைத் தொகை 12,000 ரூபாய், ஐந்து மணி நேரத்துக்கு 14,500. அஞ்சலகம் நடத்த இடத்தையும் அவரே ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தத் திருத்தமே சும்மா வரவில்லை. 2018 மே 22-இல் தொடங்கிப் பதினாறு நாள் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் வந்தது. ஊரில் இருக்கும் பெரிய அஞ்சலகத்தில் நிலைமை வேறு மாதிரி மோசம். சேமிப்புக் கணக்கு, காப்பீடு, ஆதார் திருத்தம், பார்சல் என்று வேலை ஏறிக்கொண்டே போகிறது, நாற்காலி ஏறவில்லை. தமிழும் உருதும் தெலுங்கும் கலந்து பேசுகிற எல்லையோர ஊரில் வந்தவரிடம் அவர் பேச்சில் பேசத் தெரிவதே பாதிச் சேவை. ஆனால் 2019 ஜூலையில் இதே துறை தபால் பணித் தேர்வை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் நடத்தியது. தமிழக உறுப்பினர்கள் மாநிலங்களவையை முடக்கிய பிறகே அந்தத் தேர்வு ரத்தானது.

2025 ஆகஸ்ட் 4-இல் நாடு முழுக்கப் புதிய மென்பொருளுக்கு மாறி முடித்தார்கள். வடக்கே ராக்கித் தபால் குவிகிற வாரமாகப் பார்த்து! ஆரம்ப நாட்களில் பல ஊர்களில் ஒரு பதிவுத் தபாலுக்கு ரசீது வருவதற்குள் வரிசை வாசலைத் தாண்டியது. பிரிட்டனில் அஞ்சலக மென்பொருள் ஒன்று கணக்கில் பணம் குறைவதாகத் தவறாகக் காட்டி, 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட சப்-போஸ்ட்மாஸ்டர்கள் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். அங்கே கணினியின் தவற்றை ஊழியர் தலையில் கட்டினார்கள். இங்கே எல்லாத் தவற்றையும் கணினி தலையில் கட்டுகிறார்கள். வரிசையில் நின்றவருக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு மக்கள் அஞ்சலகத்தை வெறுத்திருக்க வேண்டும். வெறுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. தெருவுக்கு வரும் போஸ்ட்மேனை இன்னமும் பெயர் சொல்லியோ முறை வைத்தோதான் கூப்பிடுகிறார்கள். ஊரடங்கு நேரத்தில் கைரேகைக் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து திண்ணையிலேயே வங்கிப் பணத்தை எடுத்துத் தந்தவர் அவர். ஓய்வூதியக்காரருக்கு வீட்டிலேயே உயிர்வாழ்வுச் சான்று எடுத்துத் தர எழுபது ரூபாய் வாங்குகிறார், யாரும் முணுமுணுப்பதில்லை. துறைக்குத் தெருவில் கிடைக்கிற நல்ல பெயர்தான் கவுண்டரில் செலவாகிறது.

மக்களும் தங்களுக்கு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். கவுண்டருக்கே போகாமல் இருப்பது. ஆர்.டி. கட்டுவதற்கு 1972-இல் தொடங்கிய மகளிர் முகவர் திட்டம் இருக்கிறது. ஏஜென்ட் அக்கா மாதா மாதம் வீட்டுக்கே வந்து பணத்தை வாங்கி, அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். பிறகு தெருவில் உள்ள அத்தனை பேருடைய பாஸ்புக்கையும் பைக்குள் அடுக்கிக்கொண்டு சர்வர் வரும்வரை அவர் ஒருத்தர் காத்திருக்கிறார். அதற்கு அவருக்கு நூற்றுக்கு நான்கு ரூபாய் கமிஷன். கொடுப்பது அரசாங்கம்.