பிந்தி வந்த பிள்ளைகள்

"ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது" என்பது நம் பெரியோர் வாக்கு. 1982-இல் அவ்வூருக்கு மயிலாடுதுறை என்னும் பழம் பெயரே மீண்டும் வாய்த்தது. 2020-இல் அது ஒரு மாவட்டத்தின் தலைநகரும் ஆயிற்று. ஆயினும் ஐப்பசி பிறந்துவிட்டால், காவிரியின் துலாக்கட்டத்தை நாடி ஜனங்கள் வருவது மட்டும் என்றும் போலவே இருக்கிறது. மாதத்தின் கடைசி நாளான கடைமுகத்தன்று கூட்டம் சொல்லி முடியாது.

நாம் 2022-ஆம் ஆண்டு அங்கே போய்ச் சேர்ந்ததோ கடைமுகத்துக்கு மறுநாள், கார்த்திகை முதல் தேதி. அந்நாளின் நீராட்டுக்கு முடவன் முழுக்கு என்று பெயர். கால் வழங்காத ஒருவன் துலா ஸ்நானத்தை எண்ணி நெடுந்தூரம் நகர்ந்து வந்தானாம்; வந்து சேர்வதற்குள் ஐப்பசி கழிந்துவிட்டது. கரையில் அமர்ந்து அவன் கண்ணீர் விட, இறைவன் இரங்கி, "இன்று நீராடினாலும் அதே பலன் உண்டு" என்று அருளினான் என்பது ஸ்தல வரலாறு. படித்துறையில் நின்று அதைக் கேட்டபோது நமக்கு நம்முடைய மூன்றாம் வகுப்பு நினைவுக்கு வந்தது.

2020 மார்ச்சில் கொள்ளைநோயால் மூடிய தொடக்கப் பள்ளிகள் நம் மாநிலத்தில் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. முதல் வகுப்பின் வாசலையே மிதியாத பிள்ளைகள் பலர் நேரே இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு மூன்றாம் வகுப்புக்கும் போய்விட்டார்கள். அத்தகைய ஒரு சிறுவனை நாம் கரும்பலகையின் முன் நிறுத்தி, ஒரு கழித்தல் கணக்கைப் போடச் சொன்னோம். சுண்ணக் கட்டியைப் பிடித்தபடி அவன் வெகுநேரம் நின்றான். "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டோம். அவன் மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. இருபது ஆண்டுகள் உபாத்தியாயர் வேலை பார்த்தவர் கேட்கத் தகாத கேள்வி அது.

துலாக்கட்டத்திலிருந்து நம் அத்தை வீட்டுக்குப் போனோம். சில நாள் முன்புதான் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியிருந்தது. அந்தப் பக்கத்து வயல்களில் சம்பாப் பயிர் இன்னும் தண்ணீருக்குள்ளே நின்றது. தெருவெல்லாம் சேறு. ஆகையால் அத்தையின் பேத்தி, மூன்றாம் வகுப்புப் படிப்பவள், கூடத்திலேயே பல்லாங்குழிப் பலகையை விரித்திருந்தாள்.

"இவளுக்குக் கணக்கே வராதப்பா! விளையாட்டு என்றால் மட்டும் கொட்டை கொட்டையாய் எண்ணுவாள்" என்றாள் அத்தை.

"நீங்கள் வாருங்கள் மாமா" என்றாள் குழந்தை.

உட்கார்ந்தோம். பதினான்கு குழி, குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. எந்தக் குழியை எடுத்தால் கடைசிக் கொட்டை எங்கே விழும், அதற்கடுத்த குழி வெறுமையாக இருக்குமா, அதற்கும் அப்பால் உள்ளது கைக்குக் கிடைக்குமா என்று அவள் கண்ணாலேயே கணக்கிட்டாள். நான்கு சேர்ந்த குழியைப் 'பசு' என்று சொல்லி அள்ளிக்கொண்டாள். ஆட்ட முடிவில் அவளிடம் 42, நம்மிடம் 28.

ஒரு காகிதத்தில், 28-ஐ 5-ஆல் வகுக்க என்று எழிதிக் காட்டினோம். முகம் வாடிவிட்டது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, "மாமாவிடம் உள்ள கொட்டைக்கு எத்தனை குழி நிரம்பும்?" என்று கேட்டோம். "ஐந்து குழி. மூன்று மிச்சம். உங்களுக்கு இரண்டு குழி காலி, மாமா!" என்று கைகொட்டிச் சிரித்தாள். பிறகு காகிதத்தை மறுபடி விரித்து, அவள் சொன்னதையே அவள் கையால் எழுதச் செய்தோம். "இதுதான் அதுவா?" என்று வியந்தாள். அந்த வியப்பே பாடம். கணக்கு அவளுக்குத் தெரியும்; குழியிலிருந்து காகிதத்துக்கு வரும் வழிதான் தெரியாது. அந்த வழியைக் காட்டுவது நம் வேலை.

மாலையில் கோலப்பொடியால் கூடத்தில் பாண்டிக் கட்டம் வரைந்து, கட்டத்துக்கு ஓர் எழுத்து எழுதினோம். சில்லு விழுந்த எழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் நொண்டி அடிக்க வேண்டும். அண்டை வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். 'ற' விழுந்தபோது எல்லோரும் திகைத்தனர். தமிழ்ச் சொல் எதுவும் அவ்வெழுத்தில் தொடங்காது என்னும் இலக்கண விதியை அன்று நாம் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர்களே கண்டுபிடித்தார்கள்.

மறுநாள் தரங்கம்பாடிக்குப் பிரயாணமானோம். மயிலாடுதுறையிலிருந்து அங்கே ஓடிய ரயில் 1986-இல் நின்றுவிட்டதால், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பஸ்ஸில்தான் போக வேண்டும். 1620-இல் டேனிஷ்காரர் எழுப்பிய கோட்டைக்கு முன்னால் மணல் விரிந்து கிடக்கிறது. 1706-இல் இக்கரையில் இறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துக்களைக் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் இங்கேயே தமிழில் அச்சாகி முடிந்தது. மணலில் தவறாக எழுதினால் ஒரு தடவலில் அழிந்துபோகும். சிவப்பு மையால் கோடு போட யாரும் வருவதில்லை.

பின்னாளில் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் துரையும் இந்த மணல் எழுத்தைக் கண்டு மனம் பறிகொடுத்து, 1797-இல் அதைப்பற்றிப் புத்தகம் எழுதினார். 'சென்னை முறை' இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. 1939-இல் அடையாற்றுக்கு வந்த மாண்டிசோரி அம்மையாரின் முறையிலும், குழந்தைகள் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவியே கற்கிறார்கள். திண்ணைப் பள்ளியில் பிரம்பும் இருந்தது. அதை நாம் மறக்கவில்லை. பிரம்பை விட்டு மணலை வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

நம் அரசாங்கமும் இவ்வழியில் கால் வைத்ததுண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-இல் மாநிலமெங்கும் பரவியது. பள்ளிகள் மூடிக் கிடந்ததால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளை அவர்கள் அறிந்த அளவுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, பாட்டும் ஆட்டமும் பொம்மலாட்டமுமாகப் பழைய பாடத்தை மீட்டுக் கொடுத்தார்கள். மந்தம், மட்டி என்று சொல்லி வந்த இடத்தில் அரும்பு என்று சொல்லக் கற்றதே பெரிய லாபம்.

ஆனால் வெறும் ஆட்டத்தால் மட்டும் படிப்பு வந்துவிடாது. ஓடி ஜெயிக்கும் பிள்ளையே எப்போதும் விடை சொன்னால், தெரியாத பிள்ளை கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொருவருக்கும் முறை வர வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எழுதிப் பார்க்கவும் வேண்டும்.

ஊர் திரும்பியதும் அச்சிறுவனின் வீட்டுக்குப் போனோம். கையில் ஒரு பல்லாங்குழிப் பலகை. முதல் ஆட்டத்தில் அவன் தோற்றான். இரண்டாவதில் நாம் தோற்றோம். திங்கட்கிழமை பள்ளிக்கு வந்துவிட்டான். ஐப்பசி முழுவதும் வர இயலாதவனுக்குக் காவிரி ஒரு நாள் காத்திருந்தது. பள்ளிக்கூடமும் காத்திருந்தால் என்ன?