யூ இல்லாத க்யூ



க்யூ வந்தால் கூடவே யூவும் வரும் என்று நம் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுப்பார்கள். குயின், குயிக், கொஸ்டின் என்று உதாரணங்களும் தயாராக இருக்கும். லண்டனில் எங்கள் பகுதி நூலகத்தில் வாராவாரம் கூடும் ஸ்கிராபிள் கோஷ்டியிடம் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆடிப் பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். பையில் 100 சில்லுகள் இருக்கும். ஆளுக்கு ஏழு எடுத்து, அந்த எழுத்துகளால் பலகையில் சொல் கோக்க வேண்டும். ஈ எழுத்துக்கு 12 சில்லு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. க்யூ ஒன்றே ஒன்றுதான், அதற்குப் பத்துப் புள்ளி. இந்தக் கணக்கைப் போட்டவர் ஆல்ஃபிரட் பட்ஸ். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை பறிபோன நியூயார்க் கட்டடக் கலைஞர். செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினாராம். எஸ் எழுத்தை நாலோடு நிறுத்திவிட்டார். இல்லாவிட்டால் எல்லாரும் கடைசியில் ஒரு எஸ்ஸை ஒட்டிப் பன்மையாக்கியே புள்ளி சேர்த்துவிடுவார்கள். ஸ்கிராபிள் என்ற பெயர் 1948இல் வந்தது.

போன வாரம் எனக்கு எதிரே உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். கையில் க்யூ இருக்கிறது, யூ இல்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பலகையில் தனியாக நின்ற ஓர் ஐ எழுத்துக்கு முன்னால், எழுத்தின் புள்ளி மும்மடங்காகும் கட்டத்தில், க்யூவை டொக்கென்று வைத்தார். க்யூ, ஐ: இரண்டே எழுத்து, 31 புள்ளி. 'சீ' என்று படிக்க வேண்டும்.

"அர்த்தம் என்ன சார்?" என்றேன்.

"எனக்கு எதற்கு அது? செல்லும், அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆட்டத்தில் யாராவது ஆட்சேபித்தாலும் சொல் பட்டியலில் உண்டா இல்லையா என்பதைத்தான் பார்ப்பார்கள். பொருளுக்குப் புள்ளி கிடையாது. இதன் உச்சத்துக்குப் போனவர் நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ். ஆங்கிலத்தில் பலமுறை உலக சாம்பியனான அவர், 2015இல் பிரெஞ்சு மொழிப் போட்டியிலும் பட்டம் வென்றார். பிரெஞ்சு பேசத் தெரியாது. சில வாரங்களில் சொல் பட்டியலை நெட்டுருப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அதே கதைதான்.

அந்த மூளைக்கு ஒரு கும்பிடு. ஆனால் எனக்கு அந்த வழி ஒத்துவராது. அர்த்தம் தெரியாத சொல் என் மண்டையில் இரண்டு நாள் தங்காது. அதனால் யூ இல்லாத க்யூ சொற்களை ஒரு நோட்டில் பொருளோடு எழுதி வருகிறேன். தபால்காரர் வைத்த 'சீ', சீன மருத்துவம் உடம்பில் ஓடுவதாகச் சொல்லும் உயிர்சக்தி. 'காட்' என்பது ஏமனிலும் சோமாலியாவிலும் மெல்லும் போதை இலை. 2014 ஜூனில் தடை வரும்வரை லண்டன் சோமாலியர் கடைகளில் சட்டப்படியே விற்றார்கள். 'கனாத்' ஈரானியர்கள் பூமிக்கடியில் வெட்டிய நீர்க்கால்வாய். 'காதி' யார் என்று பார்த்தால், பிறை பார்த்து நோன்பு அறிவிக்கும் நம் ஊர் காஜிதான்! 'ஃபகீர்' நமக்குப் பக்கீர். யூ இல்லாத க்யூ சொற்களில் பெரும்பாலானவை அரபியிலிருந்தோ எபிரேயத்திலிருந்தோ சீனத்திலிருந்தோ வந்தவை. பொருளைத் தேடியதால்தான் எனக்கு இது பிடிபட்டது.

அதே நோட்டில் நம் பலகாரமும் ஏறியிருக்கிறது. அகராதிப்படி 'டோசா' ஒருமை, 'தோசை' அதன் பன்மை. கணக்குப்படி ஒரு தோசை கேட்டால் இரண்டாவது வந்தாக வேண்டும். எந்த ஓட்டலில் தருகிறார்கள்?

எழுத்தையும் பொருளையும் ஒன்றாகத் தருவது இங்கே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிதான். சேனல் 4 தொடங்கிய 1982 நவம்பர் 2 அன்றே ஆரம்பித்த 'கவுன்ட்டவுன்'. போட்டியாளர் உயிரா மெய்யா என்று கேட்கக் கேட்க ஒன்பது எழுத்துகள் விழும். 30 விநாடிக்குள் அவற்றிலிருந்து ஆக நீளமான சொல்லைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் 'அகராதி மூலை' என்று ஒரு மேசை. 1992லிருந்து அங்கே உட்காரும் சூசி டென்ட், புதிதாக ஒரு சொல் வந்துவிட்டால் அதன் பொருளையும் பிறந்த கதையையும் சொல்லாமல் விடமாட்டார். ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கு நான் சிபாரிசு செய்வது இந்த வழியைத்தான். ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டீ ஆகிய ஏழு எழுத்துகளைக் கொடுத்துப் பாருங்கள். ரீடெயின்ஸ், ரெட்டினாஸ், நாஸ்டியர், மெழுகுவர்த்தி செய்ய உதவும் ஸ்டீரின் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் பொருள் கேட்டபிறகு அடுத்ததற்குப் போங்கள்.

உங்களுக்கும் ஒன்று. ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் இதே வரிசையில் ஒருமுறை மட்டும் வரும் ஆங்கிலச் சொற்கள் சில உண்டு. 'ஃபசீஷியஸ்' அதில் ஒன்று, வேண்டாத இடத்தில் வேடிக்கை பேசுபவரைச் சொல்வது. இன்னொன்றை நீங்கள் கண்டுபிடியுங்கள். பத்து எழுத்து, ஏ எழுத்தில் தொடங்கும், சாப்பாட்டிலும் குடியிலும் அளவோடு இருப்பவரைக் குறிக்கும். விடையை ஆசிரியர் முகவரிக்கு எழுதிப் போடுங்கள்.