நீர் போகும் வழி

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், கண்டு வந்த இடங்களைப் பற்றி எழுதுமாறு மாணவர்களிடம் கூறுவது என் வழக்கம். பெங்களூருவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் ஏடுகளில் ஆண்டுதோறும் கடல் இடம்பெறும். கடலூர் வெள்ளிக் கடற்கரையில் அலையாடியதை ஒருவர் எழுதுவார். மெரினாவில் கால் நனைத்ததை மற்றொருவர் எழுதுவார். "நம் பெங்களூருவில் கடல் இல்லையே!" என்ற ஏக்கமும் தவறாது காணப்படும்.

இந்நகரில் கடல் இல்லை என்பது உண்மை. ஆயினும், இந்நகருக்கும் கடலுக்கும் தொடர்பு இல்லை என்பது உண்மையன்று.

நீராடுவதற்கு ஏற்ற நீர் எது? கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றினால் மட்டும் போதாது. ஆறு, ஏரி ஆகியவற்றில் நீராட, ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் ஆக்சிஜன் கரைந்திருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டின் அளவுகோல். கடல்நீராயின், மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கோலிஃபார்ம் நுண்ணுயிர்கள் 100 மில்லிலிட்டரில் 100-க்கு மேல் இருத்தல் கூடாது. இக்கிருமிகள் கண்ணுக்குப் புலப்படா. கழிவு கலந்த நீரில் நீராடுவோர்க்கு வயிற்றுப்போக்கும் தோல்நோயும் காதுவலியும் வரக்கூடும்.

பெங்களூருவின் மிகப்பெரிய ஏரி பெல்லந்தூர் ஏரி. அதன் பரப்பு ஏறத்தாழ 900 ஏக்கர். அதன் கரையோரமாகப் பேருந்தில் சென்றபோது, வெண்ணிற நுரை மலைபோல் எழுந்து சாலையில் பறந்ததை நான் கண்டிருக்கிறேன். முன்னிருக்கையில் இருந்த சிறுவன் அதனைப் பனி என்று எண்ணிக் கைகொட்டி மகிழ்ந்தான். அவன் தாயோ விரைந்து சன்னலை மூடினார். 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் இவ்வேரியில் தீயும் பற்றியது. நீர்நிலை எரிந்த செய்தியை உலகமே வியந்து படித்தது.

அந்த நுரை எங்கிருந்து வந்தது? "கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் முன்னோர் மொழி. நாம் குளிக்கிறோம், துணிகளைக் கசக்கிக் கட்டுகிறோம். சோப்புத்தூள் கலந்த அந்நீரும் கழிவறை நீரும் சுத்திகரிக்கப்படாமல் ராஜகாலுவே வழியாக ஏரியை அடைகின்றன. அங்கு அந்நீர் உயரத்திலிருந்து விழுந்து கலங்கும்போது நுரை பொங்குகிறது. நம் உடலும் உடையும் தூய்மையாயின. அழுக்கோ அழியவில்லை, இடம் மாறியது.

அது பெல்லந்தூரில் நிற்பதும் இல்லை. அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும், பின்னர் தட்சிண பினாகினி ஆற்றுக்கும் செல்கிறது. கன்னடர் தட்சிண பினாகினி என்று அழைக்கும் அவ்வாறே நம் தென்பெண்ணை. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் அது, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அவ்வணையிலிருந்து வெளியேறும் நீரிலும் நுரை மிதந்தது என்னும் செய்தி பலமுறை வந்துள்ளது. பின்னர் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களைக் கடந்து, கடலூர் அருகே வங்கக்கடலில் கலக்கிறது. உங்களுள் பலருடைய தாத்தா, பாட்டி வாழும் ஊர்கள் இவ்வாற்றங்கரையில்தான் உள்ளன. அவர்கள் வயலுக்குப் பாய்ச்சும் நீர் இதுவே.

கடற்கரை நீர் கெடுவதற்கு அருகிலுள்ள ஊரின் கழிவே முதற்காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஆற்றின் தலைப்பில் வாழ்வோர்க்கும் ஒரு கடமை உண்டு. கழிவுநீரைச் சுத்திகரித்த பின்னரே ஏரியில் விடுவது அரசின் பணி. சோப்புத்தூளை அளவோடு பயன்படுத்துவதும், கழிவை மழைநீர்க் கால்வாயில் கொட்டாதிருப்பதும், குடியிருப்பின் சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறதா என்று வினவுவதும் நம் பணி.

ஊரைவிட்டு வந்தோம் என்று நாம் எண்ணுகிறோம். நாம் பயன்படுத்திய நீரோ நாள்தோறும் நம் ஊரை நோக்கியே செல்கிறது. அதனைத் தூய்மையாக அனுப்புவோம்.

சிந்தித்து எழுதுக

1. "அழுக்கோ அழியவில்லை, இடம் மாறியது" – விளக்குக.
2. உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்குச் செல்கிறது? பெற்றோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.