மலையகப் பயணம் – 4: கொழுந்துக்குக் கீழே ஒரு வேட்டை

ஹட்டனில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களில் பலர் சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள். டிசம்பர் போயாவில் தொடங்கும் அந்தக் கூட்டம் மே மாத வெசாக் வரை ஓயாது. அவர்களோடுதான் நானும் இறங்கினேன். ஆனால் மஸ்கெலியா பஸ்ஸில் ஏறவில்லை. ஆட்டோ பிடித்து டிக்கோயாப் பக்கமுள்ள ஒரு தோட்டத்துக்குப் போனேன். துரையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தேன். தேடி வந்தது லின்க்ஸ் சிலந்தியை.

வலை கட்டி இரைக்குக் காத்திருக்கிற இனமில்லை இது. பகல் வெளிச்சத்தில் இலைமேல் அசையாமல் நிற்கும். இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் பாயும். பறக்கிற பூச்சியை அந்தரத்திலேயே பிடித்துவிடுவதும் உண்டு. கால்களில் விறைத்து நிற்கும் நீண்ட முட்கள், பின்னால் கூம்பிப்போகும் வயிறு, தலையில் எட்டுக் கண்கள். அவற்றில் ஆறு அறுகோணமாக அமைந்திருக்கும். மற்ற இரண்டும் முன்பக்கம் கீழே, மிகச் சிறியவை. அந்த அறுகோணத்தைப் பார்த்துவிட்டால் வேறு எந்தச் சிலந்தியோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

மலையில் கொழுந்தெடுப்பு நடந்துகொண்டிருந்தது. வாரத்துக்கொருமுறை கைபடுகிற மேல்மட்டத்தில் சிலந்தியைத் தேடுவது வீண். விரல் போகாத இடத்தில், செடியின் பக்கவாட்டில் முற்றிய இலைகளுக்கிடையே தேட வேண்டும். கான் ஓரத்தில் குந்தியிருந்த என்னைப் பார்த்து, படங்கு கட்டிய ஒரு அக்கா கூடையோடு நின்றார்.

"என்னா தம்பி தேடுறீங்க?"

"சிலந்திக்கா. முள்ளுக்கால் சிலந்தி, தாவுமே."

"அதுவா? அந்தா, அந்த வாதுல பாருங்க. அது ஒன்னும் செய்யாது. கைய வச்சா தாவிரும். குளவிக்குத்தான் நாங்க பயப்படுறது."

அவர் சொன்னதில் மிகையில்லை. குளவி கொட்டித் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதும், சிலர் உயிரிழப்பதும் இந்தத் தோட்டங்களில் திரும்பத் திரும்ப நடக்கிறது. அந்த ஆபத்துக்கு நடுவில் நின்று கொழுந்து கிள்ளுகிறவரின் கண் எட்டு மில்லிமீட்டர் உயிரையும் தவறவிடவில்லை. இந்த மலையின் சிலந்திகளை இவர்களைவிட அதிகம் பார்த்தவர் யாரும் இருக்க முடியாது. ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் இவர்களிடம் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் காட்டிய வாதில் ஒரு பெண் சிலந்தி இருந்தது. இலையின் அடியில் ஒட்டிய வெளிர்நிற முட்டைப் பையின் மேல் கால்களைப் பரப்பி நின்றது. நான் நெருங்கியதும் ஓடவில்லை. உடம்பைத் தாழ்த்திப் பையோடு இன்னும் ஒட்டிக்கொண்டது. சின்ன எறும்பொன்று காம்பு வழியே வந்தபோது முன்னங்கால்கள் இரண்டும் உயர்ந்தன. எறும்பு திரும்பியது, கால்கள் மெல்லத் தாழ்ந்தன. அமெரிக்காவின் பச்சை லின்க்ஸ் சிலந்தியை 1980களில் ஆராய்ந்த லிண்டா ஃபிங்க், தாய் காவலிருக்கிற முட்டைப் பைகளே எறும்புகளிடமிருந்து அதிகம் தப்புகின்றன என்று கண்டார். டிக்கோயாவில் அதைக் கண்ணால் பார்க்கக் கிடைத்தது.

படமெடுப்பதைப் பற்றி ஆர்வலர்களுக்குச் சில சொற்கள். 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸில் உயிரின் அசல் அளவுக்கே நெருங்கினால், எஃப் 11இல்கூடத் தெளிவாக விழுவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். ஆகவே கண்களில் குவியுங்கள், மற்றது மங்கட்டும். ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளைத் தாள் கட்டாவிட்டால் கண்களில் ஒளி வெட்டும். உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. மூடுபனி விலகும்வரை பொறுத்திருங்கள். லென்ஸில் ஈரம் படிந்தபின் துடைத்துத் துடைத்தே காலை போய்விடும்.

படத்தை மட்டும் வைத்து இனத்தைச் சொல்ல முயலாதீர்கள். ஜெர்மானியர் ஃபெர்டினாண்ட் கார்ஷ் 1892இல் ஆக்ஸியோப்பஸ் சிலோனிக்கஸ் என்று இலங்கையின் பெயரிலேயே ஓர் இனத்தை விவரித்தார். நான் கண்டது அதுதானா என்பதை நுண்ணோக்கியில் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். என் படத்தின் கீழே 'ஆக்ஸியோப்பஸ்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

தேயிலைக்கும் பூச்சி தின்னும் உயிர்களுக்கும் இந்த மலைகளில் ஒரு கசப்பான கதை உண்டு. இலைச்சுருட்டிப் புழுவை அடக்க 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவை அடக்கியும் வைத்தது. பிறகு தண்டைத் துளைக்கும் வண்டைக் கொல்ல டில்ட்ரின் மருந்தைத் தெளித்தார்கள். குளவி மடிந்தது, அடங்கியிருந்த புழு மறுபடி பெருகியது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பூச்சியியல் வரலாற்றில் மறக்கக் கூடாத பாடம் அது. ஒரு பூச்சிக்கு அடித்த மருந்து அந்த ஒன்றோடு நிற்பதில்லை. செடியில் நடமாடும் சிலந்திக்கும் அதில் பங்கு போகும்.

நுவரெலியா, ஹட்டன் பக்கம் கேமராவோடு போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முட்டைப் பையோடு நிற்கும் சிலந்தியை வெளிச்சத்துக்காக இலையோடு கிள்ளி எடுக்காதீர்கள். அசையாமலிருக்கக் குளிர்பெட்டியில் வைத்துப் படமெடுக்கும் பழக்கமும் வேண்டாம். இலைக்கடியில் இருட்டாக இருந்தால் நீங்கள் குனியுங்கள், செடியை விட்டுவிடுங்கள்.