களத்தில் ஒரு சொல்

சொல்வன்மை என்னும் அதிகாரத்தைத் திருவள்ளுவர் அமைச்சியலில் வைத்தார். படைக்கென வகுத்த இரு அதிகாரங்களில் சொல்லைப் பற்றித் தனியே பேசவில்லை. போர்க்களத்தில் சொல்லுக்கு இடம் ஏது என்று கேட்போர் உளர். என் தமக்கை மகன் கைப்பேசியில் ஆடும் இணையவழிக் குழு விளையாட்டைச் சில இரவுகள் அருகிருந்து கண்ட பின், அக்கேள்விக்கு எனக்கு ஒருவாறு விடை கிடைத்தது.

'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்னும் அவ்விளையாட்டு 2021இல் வெளிவந்தது. நூறு பேர் ஒரு நிலப்பரப்பில் இறங்குவர்; நால்வர் ஒரு குழு. பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். நால்வரும் வெவ்வேறு ஊர்களில் இருப்பர். முகம் தெரியாது, குரல் மட்டுமே உண்டு. புதிதாய் ஆடுபவன், "அதோ, அங்கே நிற்கிறான்!" என்று கூவுகிறான். 'அங்கே' என்னும் சுட்டு அவனுக்கு மட்டுமே பொருள் தரும். ஏனையோர் வேறு திசை நோக்கி நிற்கின்றனரே! தேர்ந்தவனோ திரையின் மேலுள்ள திசைகாட்டியைப் பார்த்து, "240, பாறைக்குப் பின்னால், ஒருவன், அடிபட்டவன்" என்கிறான். வினைமுற்றுக்கூட இல்லாத அத்தொடரில் திசை, இடம், எண்ணிக்கை, நிலை ஆகிய நான்கும் அடங்கிவிடுகின்றன. சுட்டுப்பெயர் நடத்தும்போது இதனை நான் எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகின்றனர்.

பேசாதிருத்தலும் அங்கே ஒரு திறன். இறுதி வட்டத்தில் பகைவரின் காலடி ஓசை கேட்க வேண்டும். அப்போது வீழ்ந்துபட்டவன் தன் தோல்விக்குக் காரணம் கூறிக் கொண்டிருந்தால் எஞ்சியவனும் வீழ்வான். "மாமா, செத்தவன் பேசக்கூடாது, அதுதான் எங்கள் சட்டம்" என்றான் மருமகன். பயனில சொல்லாமைக்கு இதைவிடச் சுருக்கமான உரையை நான் படித்ததில்லை.

பெரும்படை எனில் இக்கட்டுப்பாடு இன்னும் கடுமையாகிறது. ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் 'ஈவ் ஆன்லைன்' விளையாட்டில் 2014 சனவரியில் நிகழ்ந்த விண்வெளிப் போரில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். 21 மணிநேரம் நீடித்தது. கணினிகள் சுமை தாங்காமையால் ஆட்டத்தின் காலமே பத்தில் ஒரு பங்காக மெதுவாக்கப்பட்டது. இத்தகைய போரில் அணித்தலைவர் இலக்கின் பெயரைச் சொல்ல, ஏனையோர் வாய்மூடிக் கேட்டு அதையே தாக்குவர்.

பெரியோர்கள் இவ்விளையாட்டுகளைக் கடிவதில் நியாயம் உண்டு. உறக்கம் கெடுகிறது, வசைமொழி காதைப் புண்படுத்துகிறது. தவறிய தோழனை நடு ஆட்டத்தில் ஏசும் தலைவனை நானும் கேட்டிருக்கிறேன். ஏச்சுண்டவன் அதன்பின் பகைவனைக் கண்டாலும் வாய் திறப்பதில்லை. குழு தன் கண்களில் ஒன்றை அவ்வாறே இழக்கிறது.

ஆயினும் எங்கள் துறை மாணவர் ஒருவரை எண்ணும்போது என்னால் முற்றாகக் கடிய இயலவில்லை. அவருக்குத் திக்குவாய். வகுப்பில் வருகைக்கு விடையிறுப்பதே அவருக்குப் பெரும்பாடு. விடுதியில் நால்வர் குழுவுக்கு அவரே தலைவர் என்றறிந்து வியந்தேன். வரைபடத்தில் குறியிட்டும், விளையாட்டிலேயே பதிவாகியுள்ள குறுந்தொடர்களை அழுத்தியும் அவர் குழுவை நடத்துகிறார். 2019இல் வந்த 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' இம்முறையை விரிவாகச் செம்மைப்படுத்தியது: ஓரிடத்தை நோக்கிப் பொத்தானை அழுத்தினால், அங்குள்ளது பகைவனா பொருளா என்பதைப் பாத்திரமே தன் குரலில் அறிவித்துவிடும்.

தமிழ் மன்றக் கூட்டத்தில் இரு மணித்துளி பேசுமாறு அவரை அழைத்தேன், தலையசைத்து மறுத்துவிட்டார். அன்றிரவும் மூவர் அவர் இடப்போகும் குறிக்காகக் காத்திருந்தனர்.